வடிகட்டிய குளோரோஃபார்ம்

வீட்டிலும் ஆய்வகத்திலும் அவளுக்கு ஒரே பெயர்தான், பம்பரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். உட்கார்ந்தால் குற்றம் என்பது போல அலைவாள். இன்றைக்கு அந்த அலைச்சலுக்குக் காரணமும் இருந்தது. மாலைக்குள் பேராசிரியரிடம் சொல்லியாக வேண்டும்: அண்ணி கண்டுபிடித்தது மெய்யா, பொய்யா?

அண்ணி என்றால் சொந்த அண்ணன் மனைவி. முன்பு இதே மேசையில் வேலை பார்த்தவள். அவள் சொல்லிவைத்துப் போனதால்தான் பம்பரத்துக்கே இங்கு இடம் கிடைத்தது. வளையம் போன்ற ஒரு மூலக்கூறை உண்டாக்கி, அதன் நடுவே இன்னொரு சின்ன மூலக்கூறு விருந்தாளி மாதிரி வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும் என்று எழுதிப் பெயர் வாங்கியவள் அண்ணி. வெறும் வளையம் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். விருந்தாளி உள்ளே போனதும் ஒளி அணைந்துவிடும். சோதனை அவ்வளவுதான். இப்போது அண்ணிக்கு வேறு ஊரில் ஒரு கல்லூரி வேலை கூடி வரும் நேரம் பார்த்து, 'எங்களுக்கு ஒளி அணையவில்லை' என்று வேறோர் ஆய்வகத்திலிருந்து யாரோ பேராசிரியருக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள்.

"நீயே செஞ்சு பாரும்மா" என்று பேராசிரியர் பம்பரத்திடம் சொல்லியிருந்தார். "கட்டுரையில எழுதியிருக்கிறபடி மட்டும் செய். அவங்ககிட்ட எதுவும் கேக்கக் கூடாது. அணையலைன்னா கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம்."

வாபஸ் வாங்கினால் அண்ணியின் வேலை போச்சு. அதோடு போகுமா? நாத்தனார் வேலையைக் காட்டிவிட்டாள் என்று சொந்தபந்தம் முழுக்கச் சிரிக்கும். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? அணைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லி முடித்துவிடலாமா என்றால், அதற்கும் நாக்கு எழவில்லை.

எத்தனை தடவை செய்தாலும் கதை ஒன்றுதான். வளையம் கரைந்த குழாயில் விருந்தாளிக் கரைசலை ஒரு சொட்டு விட்டாள், இன்னொரு சொட்டு விட்டாள். நீலம் குத்துக்கல்லாட்டம் அப்படியே நின்றது. கழுவிய குழாய்களையே திரும்பக் கழுவினாள். ஜன்னலுக்குப் போனாள், மாடிப்படி வரை போனாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. அண்ணன்.

"என்னடி பம்பரம், ஆளையே காணோம்? அண்ணி உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா."

"வேலைண்ணா."

"எனக்கும்தான் வேலை. கடையில வாங்கின தண்ணியை மறுபடி வடிகட்டிக்கிட்டு நிக்கிறேன். மூடியே தொறக்காத கேன்! ஏன்னு கேட்டா, 'உள்ள என்னத்தைப் போட்டு வச்சிருக்கானோ, யார் கண்டா'ங்கிறா. இவளைக் கட்டிக்கிட்டு நான்..."

"அண்ணா, போனை வை."

"ஏய், என்னாச்சு?"

"வைன்னா!"

குளோரோஃபார்ம் பாட்டிலை எடுத்துத் திருப்பினாள். வளையத்தையும் விருந்தாளியையும் கரைக்கிற திரவம் அதுதான். இத்தனை நாளும் பெயரைத்தான் பார்த்திருந்தாள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது: கெடாமல் இருக்க ஒரு சதவீதம் எத்தனால் சேர்க்கப்பட்டுள்ளது.

ஒரு சதவீதம் என்பது கேட்கத்தான் கொசுறு. விருந்தாளி மூலக்கூறு ஒன்று இருந்தால் எத்தனால் ஆயிரக்கணக்கில் இருக்கும். வளையத்துக்குள் விருந்தாளி பிடிக்க வேண்டிய கையை எல்லாம் எத்தனால் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றால், அவன் எப்படி உள்ளே போவான்? வளையத்தின் மேலும் குற்றமில்லை, விருந்தாளி மேலும் குற்றமில்லை. குற்றமெல்லாம் சுற்றி நிற்கும் கூட்டத்தின் மேல்தான். அண்ணி வடிகட்டாமல் விட்டிருப்பாளா? கடைத் தண்ணீரையே நம்பாதவள் கடைக் குளோரோஃபார்மையா நம்புவாள்!

கண்ணாடிக் குழாயில் அலுமினாப் பொடியை நிரப்பி மேலே குளோரோஃபார்மை ஊற்றினாள். எத்தனாலைப் பொடி பிடித்துக்கொள்ளும். கீழே சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவசரப்படுத்தவும் முடியாது, விட்டுவிட்டு அலையவும் முடியாது. உயிரை வாங்கியது. போதுமான அளவு சேர்ந்ததும் வளையத்தையும் விருந்தாளியையும் தனித்தனியே அதில் கரைத்து, வளையத்தை விளக்கடியில் வைத்தாள். விருந்தாளியின் முதல் சொட்டுக்கு நீலம் மங்கியது. இரண்டாவது சொட்டுக்கு அணைந்தேவிட்டது.

பேராசிரியர் அறைக்கு ஓடினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வடிகட்டினதை ஏன் எழுதலை அவங்க?" என்றார்.

"பல்லு விளக்கினேன்னு யாராவது எழுதி வைப்பாங்களா சார்? எல்லாரும் செய்றதுதானேன்னு விட்டிருப்பாங்க."

அவர் சிரித்துவிட்டார். "சரி, ஒரு திருத்தம் போட்டாப் போதும். வாபஸ் எல்லாம் வேண்டாம்." பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதே. பாட்டிலைத் திருப்பிப் பாக்க ஏன் இத்தனை நாளாச்சு?"

"முன்பக்கம் பேரை மட்டும்தான் பாத்தேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். முழுக் காரணம் அது இல்லை. முதல் நாள் நீலம் அணையாமல் நின்றபோது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. எதற்கெடுத்தாலும் "அண்ணி மாதிரி வருமா" என்று வீட்டில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது அது. பயமும் கவலையும் பின்னால் வந்தவைதான். முதலில் வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் மேற்கொண்டு தேடாமல் விட்டிருந்தாள்.

படிக்கட்டில் இறங்கிக்கொண்டே அண்ணிக்குப் போன் செய்தாள்.

"அணைஞ்சிடுச்சு அண்ணி. சார்கிட்ட சொல்லிட்டேன்."

"அணையும்னு தெரியும்" என்றாள் அண்ணி. சற்று நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வேற யார் கையிலயாவது குடுத்திருந்தா செத்திருப்பேன்டி. நீ பாக்கறேன்னு சார் சொன்ன அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்."

போனைக் காதில் வைத்தால் தெருக்கோடி வரை நடந்து திரும்புகிறவள், அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி" என்றாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை.