ஒரு வண்டியும் இரண்டு அடுப்பும்

மஸ்கட்டுக்குப் போனவன் லீவில் வரும்போது எதைக் கொண்டுவருவான் என்று ஒரு வரைமுறை இருக்கிறது. தைலம், டார்ச் லைட், பூப்போட்ட கம்பளி, சொந்தக்காரப் பெண்களுக்கு ஆளுக்கொரு சென்ட் பாட்டில். கொஞ்சம் மிச்சம் பிடித்தவன் என்றால் டேப் ரெக்கார்டர். கிருபாகரன் மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தான். அதுவும் சும்மா இல்லை, ஜப்பான்காரன் செய்தது. பெட்ரோல் டாங்க் மட்டுமே கன்றுக்குட்டி அளவு இருக்கும். மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்து, கப்பலேற்றி, சென்னைத் துறைமுகம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருப்பவனுக்கு இங்கே இப்படியொரு வண்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. லீவில் வந்தவனைக் கேள்வி கேட்கிற வழக்கம் அவன் குடும்பம் இருந்த காலனியில் கிடையாது.

அவன் மனைவி ஜெனிஃபர் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அரபு நாடுகளில் விடுமுறை என்பதால் அன்றைக்குப் பூத்து வாசலில் போன் பேசப் பெண்கள் கூட்டம் நெரியும். எவன் எப்போது வருகிறான், எவனுடைய பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டான், எவனுக்கு அங்கே வேறு சகவாசம் என்று எல்லாம் அவள் காதில் விழுந்துவிடும். கண்ணாடிக் கதவெல்லாம் பேருக்குத்தான். ஊரார் புருஷன்களைப் பற்றி இவ்வளவு தெரிந்தவளுக்குத் தன் புருஷனைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜெண்டின் ஆபீஸில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது.

ஏஜெண்ட் பெயர் பாலசுப்ரமணியன். கப்பலில் வந்த சரக்கைச் சுங்க இலாகாவிடமிருந்து விடுவித்துத் தருவது அவர் தொழில். பெட்டியை வேனில் ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கக் கிருபாகரன் வெளியே போயிருந்தான்.

“நல்ல முடிவும்மா,” என்றார் அவர். “நிறைய பேருக்கு இந்தத் தைரியம் வராது. உங்க வீட்டுக்காரர் ஒரேயடியா உதறிட்டு வந்துட்டாரே.”

“இன்னாத்த உதறிட்டு வந்தாரு சார்?”

“வேலையத்தான். லீவுல வர்றவங்களுக்கெல்லாம் வண்டி கொண்டுவர விடுவாங்களா என்ன? அங்க கணக்க முடிச்சிட்டு, இனிமே நம்ம ஊர்லதான்னு வர்றவங்களுக்குத்தான் சொந்த உபயோகத்துக்குன்னு விடுவாங்க. அதுவும் அங்கேயே அவங்க பேர்ல வாங்கி ஓட்டின வண்டியா இருக்கணும்.” அவள் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்தினார். “ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்,” என்றாள் ஜெனிஃபர். வாய் தானாகச் சொன்னது. தூக்கிவாரிப் போட்டதில் கையில் இருந்த காபி சேலையில் சிந்தியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

இரண்டு மாச லீவு என்றுதானே சொல்லியிருந்தான்? வேறொருத்தியாக இருந்தால் புருஷன் நிரந்தரமாக வந்துவிட்டான் என்று கேட்டதும் கோயிலுக்கு ஓடி மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள். ஜெனிஃபரால் அப்படி ஓட முடியாது. காரணம் அடுப்பு.

அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. உள்ளே சமையலறையில் இருந்தது மாமியார் மார்கரெட்டுடையது. பின்பக்கம் தகர ஷெட்டில் இருந்தது ஜெனிஃபருடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால், பூத் திறந்த புதிதில், குழாயடியில் அத்தனை பேர் முன்னால் மார்கரெட் மருமகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். பொழுது சாய்ந்த பிறகும் ஆண்கள் வந்து போகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை வாய்க்கொழுப்பில் என்ன சொல்வார்களோ, அந்த வார்த்தை. அன்றைக்கே பேச்சு நின்றது, அன்றைக்கே இரண்டாவது அடுப்பும் வந்தது. மாமனார் தாவீது இந்தப் பக்கம் காலைச் சாப்பாடும் அந்தப் பக்கம் ராத்திரிச் சாப்பாடுமாகக் காலத்தை ஓட்டினார். இந்தக் கண்றாவியைப் பார்த்து வளர வேண்டாம் என்றுதான் மகள் ஜெஸ்ஸியைச் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் சேர்த்திருந்தார்கள். நல்ல படிப்புக்காக என்று கிருபாகரனிடம் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அவன் லீவில் வருகிறான் என்று தெரிந்தால் போதும், யாரும் யாரிடமும் சொல்லாமலே தகர ஷெட்டு அடுப்பு தென்னோலைக்கு அடியில் போய்விடும். இவள் “அத்தே” என்பாள். அவள் “இன்னாம்மா ஜெனி” என்பாள். எல்லாம் அவன் காது கேட்கிற தூரத்தில் மட்டும். அவன் அந்தப் பக்கம் நகர்ந்தால் இரண்டு பேர் முகமும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். வெயிலில் வெந்து வருகிறவன் இரண்டு மாசமாவது நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற ஒரே விஷயத்தில்தான் மாமியாரும் மருமகளும் ஒத்துப்போனார்கள். காலனிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். வீட்டுக்கு ஒருவன் வெளிநாட்டில் இருந்தான், அவனிடம் சொல்லாத விஷயமும் வீட்டுக்கு ஒன்று இருந்தது.

ஜெனிஃபர் ஒரு திட்டம் வைத்திருந்தாள். இன்னும் ஒரு முறை அவன் போய்விட்டு வந்தால் பூஞ்சேரியில் வாங்கிப்போட்ட மனையில் தனி வீடு எழும்பிவிடும். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டே இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக் குடிபோய்விடலாம். அம்மாவும் பெண்டாட்டியும் ஜென்மப் பகையாளிகள் என்பது அவனுக்குத் தெரியவே வேண்டாம். இப்போது வீடும் எழும்பாது, அவனும் போகமாட்டான். இரண்டு மாசம் ஆடுவதற்கே உயிர் போகிற நாடகத்தை ஆயுசுக்கும் எப்படி ஆடுவது?

வேன் பழைய மாமல்லபுரம் சாலையில் போனது. டிரைவர் தர்மராஜ் பக்கத்தில் இருக்கும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. திருப்போரூரில் அவர் டீ குடிக்க இறங்கியதும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“வேலய வுட்டுட்டீங்களா?”

கிருபாகரன் திருட்டு மாங்காயோடு பிடிபட்டவன் மாதிரி சிரித்தான். “அந்த ஆளு சொல்லிட்டானா? சே! பாஸ்டர் வண்டிக்கு ஜெபம் பண்ணி முடிச்சதும் எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு வெச்சிகினு இருந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?”

“கேட்டா நீ வாணாம்னு சொல்லுவ. வூடு கட்டி முடியட்டும்னு சொல்லுவ. நமக்கு இன்னாத்துக்கு ஜெனி தனி வூடு?” அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அதில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. “அங்க எங்க ரூம்ல கீற பசங்களப் பாக்கணுமே. வெள்ளிக்கெழம போன வெச்சிட்டு வந்து அழுவானுங்க. அவன் அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் ஆவல, இவன் வூட்ல வெட்டு குத்து. நான் ஒருத்தன் தான் சிரிச்சிகினு வருவேன். போன தபா கிறிஸ்துமஸ் அன்னிக்கி நீயும் அம்மாவும் ஒரே தட்ல சாப்ட்டீங்களே, ஞாபகம் கீதா? அதப் பாத்துட்டுப் போனதுலேர்ந்து எனக்கு அங்க இருப்பே கொள்ளல. இப்பிடி ஒரு வூட்ட வுட்டுட்டு இங்க இன்னாத்தப் புடுங்கிகினு கீறோம்னு ஆயிப்போச்சி. வர்றதுதான் வர்றோம், ஆசப்பட்ட வண்டியோட வருவோம்னு வந்துட்டேன்.”

அந்தத் தட்டு ஜெனிஃபருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதால் மார்கரெட் பிசைந்த பிரியாணியிலிருந்தே இவள் ஒரு கவளம் எடுத்தாள். அவன் எழுந்து கை கழுவப் போன பிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். கொஞ்சம் அதிகமாகத்தான் நடித்துவிட்டார்கள். அந்த நடிப்பை நம்பி ஒரு மனுஷன் சோறு போடுகிற வேலையை விட்டுவிட்டு, கப்பலில் வண்டியோடு வந்து இறங்கியிருக்கிறான். இது என்ன அநியாயம் கர்த்தரே என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அதற்குள் தர்மராஜ் வந்து வேனை எடுத்துவிட்டார்.

காலனியில் கல்யாண வீட்டுக் களை. வேன் நின்றதும் பக்கத்து வீட்டு ஞானதாஸும் வேறு நாலு பேரும் கடப்பாரையோடு வந்து பெட்டியை உடைத்தார்கள். வண்டி வெளியே வந்தபோது கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. “இன்னாடா இது, குதிர கணக்கா கீது!” என்று யாரோ சொன்னார்கள். தாவீது ஹாண்டில் பாரில் மாலையைப் போட்டுவிட்டு எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றார். நம்பர் வாங்கும்வரை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் வாசலிலேயே ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள்.

ஜெனிஃபர் நேராகச் சமையலறைக்குப் போனாள். மார்கரெட் கறிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிருபாகரன் வாசலில் இருந்ததால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் வழக்கம்.

“அவரு திரும்பிப் போகல,” என்றாள் ஜெனிஃபர்.

கரண்டி நின்றது. அவன் காதில் விழாத இடத்தில் மருமகள் தன்னிடம் பேசுகிறாள் என்பதே மார்கரெட்டுக்கு அதிர்ச்சியாக இருந்தது. சொன்னது என்ன என்பது அப்புறம்தான் உறைத்தது.

“லீவ நீட்டிகினானா? இன்னும் எத்தினி மாசம்?”

“மாசம்லாம் இல்ல. வேலயே வுட்டாச்சி. இனிமே இங்கதான்.”

மார்கரெட் பேயறைந்தவள் போல அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கரண்டியிலிருந்த குழம்பு மடியில் வழிந்தது. “யேசப்பா,” என்றாள். பிறகு, “யாரு அவன வரச் சொன்னது?” என்று சண்டைக்குப் போவது போலக் கேட்டாள்.

“நாமதான். நாம ரெண்டு பேரும் ஒரே தட்ல சாப்ட்டோமே, அதப் பாத்துட்டுத்தான் வந்தாராம்.”

மகன் வந்துவிட்டான் என்று சந்தோஷப்படவும் முடியாமல், அழவும் முடியாமல் மார்கரெட்டின் கிழட்டு முகம் கோணியது. அவளைப் பார்க்க ஜெனிஃபருக்கு முதல்முறையாகக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. தன் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“அம்மா! ஜெனி! வாங்க, பாஸ்டர் வந்துட்டாரு!” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

பாஸ்டர் வண்டியின் சீட்டின் மேல் கை வைத்து, இதில் போகிறவர்களும் வருகிறவர்களும் பத்திரமாக இருக்கவேண்டும் என்று நீளமாக ஜெபித்தார். ஆமென் சொல்லி முடித்ததும் கிருபாகரன் இரண்டு கையையும் தூக்கினான். “எல்லாரும் கேட்டுக்கங்க. நான் இனிமே மஸ்கட்டுக்குப் போகல. எங்கம்மா, எம்பொண்டாட்டி, எம்பொண்ணு, இவங்களோட இங்கயேதான் இருக்கப்போறேன். ஜெஸ்ஸியயும் ஹாஸ்டல்லேர்ந்து இட்டாந்துடுவேன்.”

கைதட்டல் வந்தது. ஆனால் மழைத் தூறல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து நின்றுவிட்டது. பெண்கள் எல்லாரும் ஜெனிஃபரைப் பார்த்தார்கள். அப்புறம் மார்கரெட்டைப் பார்த்தார்கள். கிருபாகரன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை, கேமராவைத் தேடிக்கொண்டிருந்தான்.

“மொத போட்டோ உங்களுதுதான். ரெண்டு பேரும் வண்டி மேல ஏறி குந்துங்க. ஜெனி முன்னால, அம்மா பின்னால.”

“எனுக்கு வாணாம்டா, பயமா கீது,” என்றாள் மார்கரெட்.

“இன்னா பயம்? ஞானதாஸ் அண்ணே, அம்மாவத் தூக்கி வுடுங்க.”

தூக்கிவிட்டார்கள். ஜெனிஃபர் ஹாண்டில் பாரைப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் மார்கரெட்டின் மூச்சு கேட்டது. ஆறு வருஷமாக ஒருத்தி புடவை இன்னொருத்தி மேல் படாமல் நடந்தவர்கள்.

“நல்லா கட்டிப் புடிச்சிக்கோம்மா! அப்பிடித்தான். சிரிங்க ரெண்டு பேரும்!”

ஜெனிஃபரின் இடுப்பில் ஒரு கை வந்து விழுந்தது. அந்தக் கை ஐஸ் கட்டி மாதிரி குளிர்ந்திருந்தது.

“என்னால முடியாது ஜெனி,” என்றாள் மார்கரெட், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “சாவற வரைக்கும் இப்பிடி சிரிச்சிகினு என்னால இருக்க முடியாது.”

அது நடிப்பில்லை. அந்தக் கிழவி வாயிலிருந்து நடிப்பில்லாமல் தன் பேர் வந்ததை ஜெனிஃபர் கேட்டு வருஷங்களாகிவிட்டன. கேமராவுக்குப் பின்னால் இருந்த புருஷனைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமான ஒரு மனுஷனை அவள் பார்த்ததே இல்லை. இந்த நிமிஷம் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வண்டியைவிட்டு இறங்கினாள்.

“போட்டோ வாணாங்க,” என்றாள். “நானும் அத்தையும் பேசி ஆறு வருசம் ஆவுது. இந்த வூட்ல ரெண்டு அடுப்பு எரியுதுங்க. நீங்க வரும்போது மட்டும்தான் ஒண்ணு. நீங்க பாத்ததெல்லாம் உங்களுக்காகப் பண்ண நடிப்பு.”

கிருபாகரன் சிரித்தான். பெண்டாட்டி ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தான். கூடச் சிரிக்க ஆள் தேடி ஞானதாஸைப் பார்த்தான். ஞானதாஸ் குனிந்து கடப்பாரையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுச் செல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாஸ்டர் வேதாகமத்தின் பக்கங்களைப் புரட்டினார். அம்மா வண்டி மேலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள், மறுக்கவில்லை.

ஒருவர் முகத்திலாவது ஆச்சரியம் இருக்கிறதா என்று அவன் மறுபடியும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். எங்கேயும் இல்லை. அப்போதுதான் அவன் சிரிப்பு நின்றது.

“எல்லாருக்கும் தெரியுமா?” என்றான்.

கடைசியில் தாவீதுதான் மகன் பக்கத்தில் வந்து நின்றார்.

“உனுக்கு மட்டுந்தான் நைனா தெரியாது.”