பிழையற்ற செவி

இரவுப் பனியை இளங்கதிர் மெல்லத் துடைத்தெடுக்க, துறைமுகத்தின் நெடிய பளுதூக்கிகள் கழுத்து நீட்டிய கொக்குகளென நிரைநிரையாய் நிற்க, அவற்றின் நிழல் விழும் அகன்ற தெருவின் முனையில், போர்முனை விட்டு மீண்ட வீரர்க்கு வாழ்வமைத்துத் தரவென அரசு நிறுவிய அலுவலகம் தன் பச்சைக் கதவுகளைத் திறந்தது. படிக்கும் நண்பரே, அதன் மாடியிலுள்ள செவித்திறன் ஆய்வறைக்குள் சற்றே வாருங்கள். அங்குள்ள பொறியின் இயல்பை அறிந்தாலன்றி, அன்று நேர்ந்த திடுக்கம் விளங்காது.

தடித்த பஞ்சுச் சுவர்களால் ஓசை புகாது அடைத்த சிற்றறை. உள்ளே ஒரு நாற்காலி. எதிரே கண்ணாடிச் சாளரம். வந்தவர் இரு காதுகளிலும் செவிமூடி அணிந்து உள்ளே அமர்வார். சாளரத்தின் மறுபுறம் ஆய்வாளர் அம்மையார் குமிழைத் திருக, ஒலி கம்பி வழியே ஓடி அவர் செவியைத் தொடும். கேட்டதும் அவர் கைவிசையை அழுத்த, அம்மையாரின் மேசையில் சிறுவிளக்கு ஒளிரும். ஒலியைப் படிப்படியாக மெலிதாக்கிக்கொண்டே போய், விளக்கு எங்கே ஒளிர மறுக்கிறதோ, அங்கே செவியின் எல்லை என்று தாளில் புள்ளியிடுவார்.

அன்று உள்ளே அமர்ந்திருந்தவர், பீரங்கிகளின் அருகே ஒன்பதாண்டு நின்று திரும்பியவர். ஓராண்டு அலைச்சலுக்குப் பின், வீரர்க்கென ஒதுக்கிய பளுதூக்கி ஓட்டும் பணி கிடைத்திருந்தது. செவி நலம் என்னும் ஒரு சான்றே எஞ்சியிருந்தது. மூன்று வயது மகளை மடியிலிருத்தி, மனைவி அம்மையாரின் பக்கத்தில் காத்திருந்தாள்.

விளக்கு ஒருமுறையும் தவறாது ஒளிர்ந்தது. ஆய்வு முடிந்து அவர் வெளியே வந்து குனிந்து காலணி பூட்டுகையில், அம்மையார் வியந்து சிரித்தார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் இருக்கிற தெருவுல ரகசியமே பேசிடாதே. இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை."

"அட, நீங்க வேற! நான் ஒரு வேலை சொன்னா மட்டும் அந்தக் காது கேட்காது," என்றாள் மனைவி.

பொறியை மூடக் குனிந்த அம்மையார் குனிந்தபடியே உறைந்தார். செவிமூடிக் கம்பியின் முனை, துளையில் இல்லை. காலையில் தரை பெருக்கியபோது கழன்று, தூசியோடு தூசியாய்க் கிடந்தது. ஒரு சிற்றொலியும் உள்ளே சென்றிருக்கவில்லை!

நிமிர்ந்த அம்மையார், வீரரின் முதுகுப்புறம் நின்று உரக்க அழைத்தார். அவர் காலணியையே பூட்டிக்கொண்டிருந்தார். அம்மையார் கைகளைப் பலமாய்த் தட்டினார். முதுகு அசையவில்லை.

"விளையாடுறார்," என்ற மனைவியின் சிரிப்பு பாதியில் அறுந்தது. "ஐயோ... இருட்டுல பேசாதே, விளக்கைப் போட்டுட்டுப் பேசுன்னு தினம் சண்டை போடுவாரே! உதட்டைப் பார்க்கத்தானா?"

காலணி பூட்டி நிமிர்ந்த வீரருக்கு, மனைவியின் முகம் கண்டதுமே எல்லாம் புரிந்தது. படைத்தலைவரின் கையசைவு நோக்கியே பீரங்கி இயக்கிப் பழகியவர், கண்ணாடியூடே அம்மையாரின் மணிக்கட்டு திரும்புவதை நோக்கியே விசையை அழுத்தியிருந்தார்.

"இந்த வேலையும் போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட வீட்டுல உட்காருவேன்?" என்றார், தம் குரலின் அளவறியாது உரக்க.

அம்மையார் அவர் எதிரே அமர்ந்து, உதடு தெரியப் பேசினார். "கீழே நிக்கிறவன் நிறுத்தச் சொல்லி விசில் அடிப்பான். உங்களுக்குக் கேட்குமா?"

இல்லையென்று அவர் தலையசைத்தார்.

"காது போச்சுன்னு எழுதினா, காது கேட்கிற கருவி இங்கேயே தருவாங்க. கீழே பழுதுபார்க்கிற கூடத்துல வேலைக்கும் எழுதித் தருவேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இதை நீங்க யாருகிட்டயும் சொல்லவே இல்லையே!"

"யாரும் கேட்கலையேம்மா."

பிழையற்ற அத்தாளை அம்மையார் கிழித்தார். கம்பியைத் துளையில் பொருத்தினார். அப்போது மகள் மடியினின்று இறங்கி, தந்தையைச் சுற்றி முன்னே வந்து, இரு கைகளாலும் அவர் முகத்தைப் பற்றித் தன்பால் திருப்பி, அதன் பின்னரே, "அப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். நாள்தோறும் கண்டு, குழந்தை விளையாட்டென்று தான் நகைத்த அச்செயலை இன்று கண்ட தாய், வாய் பொத்திச் சுவரில் சாய்ந்தாள்.

நண்பரே, போர்முனைக்கு அனுப்பியவர் மீண்டு வந்து நம் எதிரே அமர்கையில், அவர் நலமென்று தாளில் எழுதுமுன், நம் கம்பி அவரைச் சென்று சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.