உப்பு வரிசை

மருந்துச்செடிப் பண்ணையில் நிழல்வலைக் குடிலின் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. அப்படியிருந்தும் காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போனால், உப்பு வரிசைத் தொட்டிகள் ஈரமாக இருந்தன.

அந்த வரிசையில் நித்தியகல்யாணிக்கு உப்புத் தண்ணீர் மட்டும்தான். பாதித் தொட்டிகளில் மணல், மீதியில் களிமண். எந்த மண்ணில் மருந்துச்செடி எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று பார்க்கும் சோதனை. தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. செத்துப்போன அவர் மனைவிக்கும் அதே வேலைதான் இருந்தது. ஆனால் அவளுக்குச் சோதனையாவது மண்ணாங்கட்டியாவது! "பாவங்க, வாயில்லா ஜீவன்" என்பாள். மண்மேல் படிந்த வெள்ளை உப்பைக் கொண்டை ஊசியால் கீறிவிட்டு, தன் குடிதண்ணீரை ஊற்றிவிடுவாள். வேண்டாமென்று அவர் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு நாள் கேட்டதில்லை.

இப்போது உப்புப் படிவில் அதே கீறல். மணல் தொட்டிகளில் நல்ல தண்ணீர் உப்பைக் கழுவி அடித்துளை வழியாக இறக்கிவிட்டிருந்தது. வாடிய செடிகளில் புதுத் துளிர். களிமண் மட்டும் உப்பை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் துளிரைத் தொட்டுப் பார்த்தார். வந்துபோனது அவள்தான் என்று பயமும் வந்தது, சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

துளிரைப் பார்த்ததும் மேலாளருக்கு முகம் கறுத்தது. "என்னண்ணே இது? யாரோ நல்ல தண்ணி ஊத்துறாங்க. இப்படியே போனா சோதனைய நிறுத்திட்டு, குடிலப் பிரிக்கச் சொல்லிடுவாங்க."

"இனிமே நடக்காது சார்."

குடிலைப் பிரித்துவிட்டால் அவள் எங்கே வருவாள்? செத்த பிறகு வீட்டுப் பக்கம் அவள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பைத்தியம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும் என்று, தொட்டிகளுக்கு நடுவே நின்று வாய்விட்டே பேசினார்.

"ஏய், நீ தினமும் வா. வந்து பாத்துட்டுப் போ. தண்ணி மட்டும் ஊத்தாதடி. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன்."

மறுநாள் மண் காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. உப்பு வெள்ளையாகப் படிந்தது, ஒரு கீறல் இல்லை. துளிர்களின் ஓரம் கருகி, செடிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன.

"சூப்பர்ண்ணே! இப்பதான் சரியா வாடுது" என்று மேலாளர் அவர் தோளைத் தட்டினார். "இனிமே குடில யாரும் தொட மாட்டாங்க."

உயிரோடு இருந்தவரை எந்தப் பேச்சுக்கும் மசியாதவள், இந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டுவிட்டாள். அவர் பக்கத்தில் மேலாளர் நிற்பதையும் மறந்து காய்ந்த மண்ணில் கையை வைத்தார்.

"ஊத்துடி" என்றார். "குடில் போனாப் போகுது. வந்து ஊத்துடி."