புலி என்று எழுதியது

எழுபத்து நாலில், ஒரு காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த சன்னாசியைப் பாம்பு கடித்தது. ஆபீசு வாசலில் லாரி நின்றது. சாவி, ஆபீசுக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி கார்த்திகேசுவிடம். சன்னாசியின் மனைவி ராக்காயி அவர் காலில் விழுந்தாள்.

"லாரி ரப்பர் ஏத்தப் போகவேணும். பஸ்ஸில கொண்டு போ."

பஸ் வர நேரமாகும் என்று சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

ராக்காயியின் தம்பி அர்ச்சுனன் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். வாரப் பத்திரிகையில் அவ்வப்போது எழுதவும் செய்வான். அக்காளை வெறுங்கழுத்தோடு பார்த்துவிட்டு வந்தவன் பொங்கிப்போய் எழுதினான். 'எங்கள் தோட்டத்தில் ஒரு புலி உண்டு. அது உறுமினால் காடே அடங்கும்.' பாம்பு, லாரி, சாவி எதையும் எழுதவில்லை. கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று பயம்.

தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒருவன் அதை உரக்கப் படித்தான்.

"நம்ம கிராணியாரத்தான் எழுதியிருக்கான். புலிதான்லா அவரு! தொரையே பயப்படுவான்."

ஆடித் திருவிழாவில் 'தோட்டத்துப் புலி' என்று மைக்கில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். கார்த்திகேசு கூச்சத்தோடு கும்பிட்டார். ராக்காயி கூட்டத்தில் நின்று பார்த்தாள்.

மறுநாளே அச்சகத்துக்கு வந்துவிட்டாள்.

"அவனத் திட்டுனியா, பாராட்டுனியாடா?"

"திட்டித்தான் எழுதினேன்க்கா. மனுசனத் தின்னுற மிருகம்னு..."

"புலின்னா எவன்டா கேவலமா நெனைப்பான்?"

அர்ச்சுனன் நடந்ததை நடந்தபடி அன்றே எழுதி, வாரப் பத்திரிகைக்குக் கொண்டு போனான். ஆசிரியர் இரண்டு வரி படித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னப்பா, போலீஸ் ரிப்போட் மாதிரி இருக்கு? மொதல்ல எழுதுனியே, அதுதான்லா எழுத்து!"

அடுத்த மாதம் ராக்காயியின் வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வேலைக்காகச் சன்னாசி பேரில் தோட்டம் கொடுத்த வீடாம். லயத்தில் பக்கத்து வீட்டுச் சனங்களிடம் போய் அழுதாள் ராக்காயி.

"புலி சொன்னா சொன்னதுதான் தாயி," என்றார்கள். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

பாரிட் புந்தாரில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டாள். டிரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அர்ச்சுனன் ஜன்னலோரம் வந்து நின்றான்.

"போய்ச் சேந்ததும் சொல்லியனுப்புக்கா. நான் காயிதம் போடுறேன்."

"வேணாம். நீ ஒண்ணும் எழுதாத."

பஸ் புறப்பட்டுப் போனது. அவன் அச்சகத்துக்கு நடந்தான். அன்றைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை கோர்க்க வேண்டியிருந்தது.