இஸ்தான்புல்லில் ஆறு நாள்

அந்த வீட்டில் இருப்பது ஒரே பெண்தான். ஆனாலும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள், "அப்போ பெரியவ எங்க இருக்கா? கட்டிக் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள். பெரியவள் நாலு நாள்தான் உயிரோடு இருந்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, அங்கேயே போய்விட்டாள். இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய சங்கதி.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனதும், அப்பாவையும் அம்மாவையும் வெளிநாடு கூட்டிப்போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எந்த ஊர் என்று அம்மாவைத்தான் கேட்டாள். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறவள். பதினெட்டு வருஷமாக அவள் உட்காரும் மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் தொங்கியது. கடல்நீருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய குவிமாடங்கள், ஊசி மாதிரி உயர்ந்த கோபுரங்கள், சுற்றிலும் பறவைகள். நாள் முழுக்கக் கிட்டத்தில் பார்த்துக் கண் வலிக்கும்போது தூரத்தில் பார்க்க அவளுக்கு இருந்தது அந்தப் படம்தான்.

"இஸ்தான்புல்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ஊரு எதுக்கு? குளிரு தாங்காது. ஏத்தமும் எறக்கமுமா இருக்கும், உன் முட்டிக்கு ஒத்து வராது. வேற எங்கயாவது போலாம்" என்றார்.

அவர் பெயிண்ட் கம்பெனியில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலையில் தொடங்கி, இப்போது ஒரு வட்டாரத்துக்கே மேனேஜர். காக்காய்க்கே வெள்ளை அடித்துவிட்டு வருவான் என்று அவருடைய அண்ணன் கேலி செய்வார். அப்படிப்பட்ட வாய், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோடை போனது. அம்மாவும் மகளும் சேர்ந்துகொண்டதும் அவர் தோற்றுப்போனார்.

அதன்பின் மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் பயணப் பேச்சுதான். சின்னவள் லேப்டாப்பில் பார்த்துப் பார்த்து ஒரு தாளில் எழுதினாள். முதல் நாள் கூரை போட்ட பெரிய சந்தை, இரண்டாம் நாள் அரண்மனை, மூன்றாம் நாள் படகு, நான்காம் நாள் ஹாகியா சோபியா என்கிற பெரிய குவிமாட மண்டபம். தாள் பிரிட்ஜ் கதவில் ஏறியது. படகைப் பற்றிப் பேசும்போது அப்பா சாப்பிட்டபடியே, "மேல் தட்டுல உக்காராதீங்க, காத்துல காது அடைச்சுக்கும்" என்றார். எங்கேயோ டிவியில் பார்த்திருப்பார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

டிராவல்ஸ்காரர் விசாவுக்குப் பழைய பாஸ்போர்ட்டும் வேண்டும் என்றார். "அது எப்பவோ தொலைஞ்சு போச்சு" என்று அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். தொலைந்தது என்றால் தனியாக ஒரு கடிதம் கொடுக்கணும், இன்னும் ஒருதரம் தேடிப் பாருங்களேன் என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா முடிவெட்டப் போயிருந்தார். அம்மா அலமாரிமேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கி, வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் தாள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள். பத்திர உறையின் அடியில், ரப்பர் பேண்டு இற்று ஒட்டிக்கொண்டிருந்த பாஸ்போர்ட் கிடைத்தது. கொடுக்க வேண்டிய கடிதம் ஒன்று மிச்சமானதே என்ற சந்தோஷத்தில்தான் அதைப் புரட்டினாள்.

நடுப்பக்கத்தில் இரண்டு முத்திரைகள். மை வெளிறிப்போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் மூடி வைத்திருப்பார்கள். லென்ஸில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பதுதானே அவளுக்குச் சோறு போடுகிற தொழில்? கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஜன்னல் பக்கம் போனாள். ஊர்ப் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. இஸ்தான்புல். உள்ளே போனது பதினொன்றாம் தேதி. வெளியே வந்தது பதினேழாம் தேதி. மாதமும் வருஷமும் அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை. படித்தாள்.

பெரியவள் பிறந்தது பன்னிரண்டு. போனது பதினாறு.

அந்த வாரம் அவர் கம்பெனியின் தொழிற்சாலையில், பயிற்சியில் இருந்தார். அப்படித்தான் அவளுக்குத் தெரியும். மலைப்பக்கம் போன் எட்டாத இடம், தகவல் கிடைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி, பதினெட்டாம் தேதி சாயங்காலம் வந்து அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வயிறு காலியாகிக் கிடந்தவள்தான் அவரைத் தேற்றினாள். பாவம், பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இருபத்தாறு வருஷமாக அவருக்காகவும் சேர்த்து வருந்தியிருக்கிறாள். குழந்தையைப் பற்றி அவர் எதிரில் வாயே திறக்கமாட்டாள், மனிதர் உடைந்துபோவார் என்று.

ஓரகத்திக்குப் போன் போட்டாள். அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது கணவனின் அண்ணன் மனைவிதான்.

"அக்கா, பெரியவ பொறந்தப்போ இவரு எங்க இருந்தாரு?"

"எதுக்கும்மா இப்போ அதெல்லாம்?"

"சொல்லுங்கக்கா."

"எங்க வீட்டுக்காரருதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. நீயும் அப்போ பொழைச்சதே பெரிசு. அதைச் சொல்லி உன்னையும் கொன்னுடக் கூடாதுன்னுதான்..."

"அப்போ எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா... வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியும்."

அம்மா போனை வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எல்லாருமாகக் கைகோத்தால் மறைக்கலாம் போலிருக்கிறது. உண்ணுகிறவள் ஒருத்திக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

அப்பா முடிவெட்டிக்கொண்டு, கழுத்தில் பவுடரோடு வந்தார். மேஜைமேல் பாஸ்போர்ட் அந்தப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. பார்த்தார். செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மா பிரிட்ஜிலிருந்து தாளை எடுத்து வந்து எதிரில் வைத்தாள். குரல் உயரவில்லை.

"யாரு கூடப் போனீங்க?"

"கம்பெனியில... அதிகமா ஆர்டர் புடிச்ச பதினாறு பேரைக் கூட்டிட்டுப் போனாங்க. பரிசு மாதிரி. உனக்குக் கால் வீங்கியிருந்துச்சு, தனியா விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. கேட்டா நீ போகாதீங்கன்னு சொல்லிடுவேன்னு..."

"சரி. பன்னெண்டாம் தேதி எங்க இருந்தீங்க?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"சொல்லுங்க."

அவர் மகளின் தாளைப் பார்த்தபடி சொன்னார். "சந்தைக்குப் போனோம். உனக்கு ஒரு சால்வை எடுத்தேன்."

அந்தச் சால்வை அவளுக்குத் தெரியும். தொழிற்சாலை ஊரில் வாங்கியது என்று கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து, அதில் சுற்றித்தான் சின்னவளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"அன்னிக்கு மத்தியானம் எனக்கு வலிப்பு வந்துச்சு. சாயங்காலம் அவ பொறந்தா. உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரியே. அண்ணன் ஓட்டலுக்குப் போன் பண்ணான்."

"காலையில பிளேன் இல்லையா?"

பொய் சொல்லப் போகிறாரா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருந்துச்சு. கூட்டிட்டுப் போனவரே டிக்கெட் மாத்தித் தரேன்னாரு."

"அப்புறம்?"

"பொழைக்காதுன்னு அண்ணன் சொன்னான். எனக்குப் பயமா இருந்துச்சு. பொழைக்காத பிள்ளையை வந்து பாத்து... நான் வந்தா மட்டும் என்ன ஆகப் போகுதுன்னு... நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னே இருந்துட்டேன்."

"பதிமூணு?"

"அரண்மனை."

"அன்னிக்கு எனக்கு நினைவு வந்துச்சு. பிள்ளை எங்கன்னு கேட்டேன். எழுந்திரிக்க விடலை. பதினாலு?"

"படகு."

"மேல் தட்டா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்குத்தான் என்னைச் சக்கர நாற்காலியில வெச்சு அவகிட்டத் தள்ளிட்டுப் போனாங்க. பெட்டியில ரெண்டு ஓட்டை இருக்கும், அதுக்குள்ள கையை விடலாம். என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டா. நர்ஸு, பிள்ளையோட அப்பா எங்கன்னு கேட்டா. வேலையில மாட்டிக்கிட்டாருன்னு சொன்னேன். பாவம் அவருன்னேன்."

"போதும்."

"பதினஞ்சு?"

"எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பெரிய மண்டபம்னு நினைக்கிறேன். போதும்டி."

"பதினாறு?"

"ரூமை விட்டு வெளியவே வரலை. மத்தியானம் அண்ணன் போன் பண்ணிச் சொன்னான். சாயங்காலம் எல்லாரும் சாப்பிடக் கூப்பிட்டாங்க." நிறுத்தினார். "போனேன்."

அம்மா தாளை நாலாக மடித்தாள். அவர் கையை நீட்டினார். அவள் தன் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அவளுக்கு ஒரு பேர் வெச்சேன்" என்றாள். "பதினஞ்சாம் தேதி, அந்த ஓட்டைக்குள்ள வாயை வெச்சுக் கூப்பிட்டேன். நீங்க இல்லாம நானா வெச்சுட்டேனேன்னு, நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லவே இல்லை."

"என்ன பேர்?"

அவள் எழுந்து பத்திரங்களைப் பெட்டியில் அடுக்கப் போனாள். அவர் அறை வாசல்வரை வந்து மறுபடி கேட்டார். அவள் பெட்டியை மூடி அலமாரிமேல் ஏற்றினாள்.

சின்னவள் மதியம் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். சக்கரம் வைத்த நீலப்பெட்டி. கூடத்திலேயே உருட்டிக் காட்டினாள். அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. குடும்பம் இத்தனை வருஷம் செய்ததை இவளும் செய்வாள், மகளுக்காகவாவது மூடி வைப்பாள் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். அம்மா மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கூடத்தில் இருந்தவருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கிணறு வெட்டியவள் மகள். பூதத்தையும் அவள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகள் வெளியே வந்து, "நிஜமாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் சின்னப் பையன்மா அப்போ. இருபத்தொம்பது வயசு."

"அம்மாவுக்கு இருபத்தி நாலு" என்றாள் மகள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அம்மா டிராவல்ஸில் ஏறித் தன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். உடம்பு சரியில்லையா, தேதி தள்ளிப் போடட்டுமா என்று டிராவல்ஸ்காரர் கேட்டார். வேண்டாம், அந்த ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். தன் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுத் தரச்சொல்லி முதலாளியைக் கேட்டாள். வெளிச்சத்துக்காக என்று நினைத்து அவரும் ஆள்விட்டுத் திருப்பினார்.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. போவாள் என்று ஓரகத்தி பயந்து, இரண்டுமுறை வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். "தப்புதான்மா. ஆனா மனுஷன் அதுக்கப்புறம் உனக்கு ஒரு குறை வெச்சானா?" என்றாள். வைக்கவில்லைதான். அதை அம்மாவும் ஒத்துக்கொண்டாள். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்றாள். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். இந்த மனிதரோ முட்டிவலிக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டவர். அந்த எண்ணெய்க் கிண்ணத்தோடு அவர் வந்தால் இப்போது அவள் காலை இழுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். படுக்கை மகளின் அறைக்கு மாறியது. சோறு மூன்று வேளையும் மேஜைக்கு வரும். உப்பு வேண்டுமா, பால் வாங்கியாச்சா என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

புறப்பட வேண்டிய தேதி ஒரு வியாழக்கிழமையில் வந்து போனது. லீவு போட்டதை ரத்து செய்யாமல் அப்பா நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள்.

பெரியவளின் பெயரை அம்மா மகளிடம் மட்டும் சொன்னாள். அம்மாவும் மகளும் பாத்திரம் துலக்கும்போதோ துணி மடிக்கும்போதோ அது பேச்சில் வர ஆரம்பித்தது. அவள் இருந்திருந்தால் இந்நேரம் இப்படி, அவளுக்கும் உன்னைப்போல மூக்கு இருந்திருக்கும் என்று. இருபத்தாறு வருஷமாக அடைத்து வைத்திருந்த பேச்சு, வாய் ஓயவில்லை. அப்பாவின் காலடி கேட்டால் இருவரும் நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள் மகள் தனியாக இருக்கும்போது அவர் கேட்டார். "அந்தப் பேரை நீயாவது சொல்லும்மா. நானும் அவளுக்கு அப்பன்தானே."

மகளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. தலைமுடி இரண்டு மாதத்தில் கொட்டியிருந்தது. சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை.

"அம்மாகிட்ட கேளுங்கப்பா" என்றாள்.

அவர் அடுப்படிப் பக்கம் போனார். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்து நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியும். கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி நறுக்கத் தொடங்கியது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனார்.