வேர்த்து இறக்கிய மாத்திரை

சலவைக்கூடத்தில் எல்லோரும் கிளம்பிய பிறகும் சின்னவள் மட்டும் இஸ்திரி மேடையை விட்டு அசையமாட்டாள். ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டும்வரை விரிப்புகளைத் தேய்ப்பாள். மூட்டை தூக்கிப் பிழைத்த குடும்பம் அவளுடையது. காய்ச்சல் வந்தால் அவள் அப்பா கூடுதலாக நாலு மூட்டை தூக்கி, வேர்த்து இறக்கிவிடுவார். மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் அப்படி இறக்கிவிட்டுத்தான் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று அவளாக முடிவுகட்டிக்கொண்டாள். மாத்திரையை விடவும் முடியாது. அது இல்லாத காலத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே கிடந்தவள்.

வீடு போய்ச் சேர்ந்தால், தத்தித்தத்தி ஓடத் தொடங்கிவிட்ட மகள், புருஷனின் அண்ணன் மனைவியான ஓரகத்தியின் மடியில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிடப்பாள். அம்மாவிடம் வந்து சலிப்பாக ரெண்டு இழுப்பு பால், அவ்வளவுதான்.

“உன்னத் தேடவே இல்ல, பாரேன்” என்பாள் ஓரகத்தி, பரிசு வாங்கியவள் போல.

சின்னவளுக்கு வயிறு எரியும். “தேடாத மாதிரி நீங்கதான் பாத்துக்கறீங்களேக்கா.”

“ஆமாண்டி, மந்திரம் போட்டு வெச்சிருக்கேன். பிள்ளைய விட்டுட்டு அங்க எவன் துணியக் கட்டிட்டு அழற?”

ஒருநாள் பிள்ளை ஓரகத்தியை ‘அம்மா’ என்றது. ஓரகத்தி அதைத் திருத்தவில்லை.

அடுத்தமுறை மாத்திரைக்குப் போனபோது சின்னவள் மருத்துவரிடம் வெடித்தாள். “இன்னும் எவ்ளோதான் வேர்க்கணும் டாக்டர், இந்த மருந்து இறங்க?”

டாக்டரம்மாவுக்கு விஷயம் புரியவே நேரமானது. “வேர்வையில மருந்து இறங்காதும்மா. இந்த மாத்திரை பால்ல கொஞ்சூண்டுதான் கலக்கும். பிள்ளை சோறு தின்னுது, நல்லா விளையாடுது. தாராளமா குடுங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.”

“இத மொதல்லயே சொல்லக்கூடாதா?”

“ஓடியாடுற பிள்ளை, பால மறந்திருக்கும்னு நெனச்சேன். நீங்களும் சொல்லலையே!”

மறுநாள் கூடத்தை விட்டு முதல் ஆளாக வெளியேறினாள். வீட்டில் கையை நீட்டினாள். பிள்ளை ஓரகத்தியின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“வரமாட்டேங்குது, நான் என்ன பண்ண?”

“இனிமே வேல முடிஞ்சதும் வந்துடுவேன்க்கா. டாக்டர் பால் குடுக்கலாம்னுட்டாங்க.”

ஓரகத்தியின் முகம் சுண்டிப்போனது. “நல்லதாப் போச்சு” என்றாள், தரையைப் பார்த்து.

சின்னவள் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஜாக்கெட்டைத் தளர்த்தினாள். பிள்ளை எட்டிப் பார்த்தது; யோசித்தது; பிறகு தவழ்ந்து வந்து பற்றிக்கொண்டது. இழுப்பு பலமாக இருந்தது. ஒரு கை மட்டும் ஓரகத்தியின் சுண்டுவிரலை விடவில்லை. அவளும் உருவிக்கொள்ளவில்லை.

தள்ளிப் போங்கக்கா என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் தள்ளிப் போனால் பிள்ளையும் கூடவே போய்விடும். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரகத்திக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.