மூன்றாவது வட்டம்

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அவள் பாதிதான் திறந்திருந்தாள். திரையில் கோடு எகிறியது. நில அதிர்வு ஆய்வு மையத்தில் எத்தனையோ பார்த்தவள்தான், ஆனால் இப்படி எகிறி அவள் பார்த்ததில்லை. பசி போன இடம் தெரியவில்லை.

வேலை என்னவோ சுலபம்தான். பூமி குலுங்கினால் வேகமான அலை முதலில் வரும், மெதுவான அலை பின்னாலேயே வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுகிற கணக்குதான். இடைவெளி எவ்வளவோ தூரமும் அவ்வளவு. ஆனால் ஒரு நிலையத்தின் பதிவு தூரத்தைச் சொல்லுமே தவிர திசையைச் சொல்லாது. ஆகவே வரைபடத்தில் அந்த நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டாவது நிலையத்துக்கு இன்னொன்று. இரண்டு வட்டமும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டன. ஒன்று நடுக்கடல். மற்றது மலையடிவாரத்து ஊர். அங்கேதான் அவள் தங்கை கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

மூன்றாவது நிலையத்தின் பதிவோ ஒரே இரைச்சல். மெதுவான அலை இங்கே தொடங்குகிறதா, கொஞ்சம் தள்ளியா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அவள் கை தானாக அந்த இரண்டில் முந்தைய இடத்தில் குறி வைத்தது. இடைவெளி குறைந்ததும் வட்டம் சுருங்கிக் கடலில் போய் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். யார் வைத்த குறியையும் நோண்டுவதால் அவருக்கு 'சந்தேகம்' என்றே பேர். உப்பையே நக்கிப் பார்த்துத்தான் நம்புவார் என்று கேலி செய்வார்கள். அவருக்கு அவள் தங்கையைப் பற்றித் தெரியும்.

"கடல்னு சொன்னா மீட்பு வண்டியெல்லாம் கரைக்குப் போயிரும்மா. மலைப்பக்கம் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

அடிப்பாவி, என்ன காரியம் செய்யப் பார்த்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குறியை அழித்துவிட்டு, அது யாரோ எவரோ இருக்கும் ஊர் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்படிப் பார்த்தால் குழப்பமே இல்லை. மூன்றாவது வட்டம் விரிந்து ஊரின் பேர் மேலேயே படிந்தது. சந்தேகம் தலைமையகத்துக்குத் தகவல் சொல்லப் போனார்.

அவள் தங்கையைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடாமல் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள். ஒருவழியாகத் தங்கை எடுத்தாள்.

"அக்கா, எங்களுக்கு ஒண்ணும் ஆகல. பாப்பாவும் அவரும் தெருவுலதான் நிக்கிறாங்க. போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நீ பயந்துருவியேன்னு நான்தான் உள்ள வந்தேன்."

"வெளிய போடி. அப்படியே போட்டுட்டு ஓடு."

"இரு, பாப்பா துணி மட்டும்..."

போன் கரகரத்து அடங்கியது.

இணைப்பு போனதா, இல்லை மறுபடி குலுங்கியதா? அதைத் திரைதான் சொல்ல வேண்டும். அங்கே குலுங்கினால் அலை இங்கே வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். சந்தேகம் திரும்பி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கோடு இன்னும் நேராகவே ஓடிக்கொண்டிருந்தது.